கைக்குட்டை போட்ட நாற்காலி

“இன்னிக்கு துணைக்கு ஆள் வந்துட்டாங்க போல, சந்தோஷம் சார்” என்று வேலை தேடுகிறவர்களின் போன் குழுவில், அவன் போட்ட படத்துக்குக் கீழே, தையல்காரர் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணி நாலு நிமிடம். அதற்குக் கீழே லாரி டிரைவர் வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள் போட்டிருந்தார். அதற்கும் கீழே, பிழையில்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத டேட்டா என்ட்ரிக்காரி, “வனக்கம் மேடம்” என்று யாருக்கோ வணக்கம் வைத்திருந்தாள்.

அவன் தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மேசை, மடிக்கணினி, தண்ணீர் பாட்டில், அவனுடைய நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் சட்டை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி, அதன் மேல் விரித்த பழைய நீலக் கைக்குட்டை. ஆள் யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் படத்தை அவன் இன்று எடுக்கவேயில்லை.

“கண்ணும் அவிஞ்சு போச்சா இந்தக் கூட்டத்துக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

பேய்க்கு நேரம் நள்ளிரவு என்பதெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் கட்டிய கதை. வேலையில்லாதவனுக்கு அது காலை பதினொரு மணி. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டரைக்குள் எல்லா வீட்டுக் கதவும் சாத்தப்பட்டு, படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்து, பள்ளி வண்டி ஹாரன் தெருமுனையில் தேய்ந்து போன பிறகு, லிஃப்ட் தானாக ஒருமுறை முனகி நிற்பதும், மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுவதும், வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் ஒவ்வொரு சதுரமாக நகர்த்திக்கொண்டு போவதும் தவிர ஒன்றும் இருக்காது. நாற்பத்தொன்பது வயது ஆண் ஒருவன் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதே ஏதோ தப்பு செய்வது போல இருக்கும். அன்று அந்தச் சத்தங்களோடு இன்னொன்றும் கேட்டது. நாற்காலியில் ஒருவர் மெல்ல உட்காரும்போது பிரம்பு கிறீச்சிடும் சத்தம். அவன் சமையலறையில் நின்றிருந்தான். மரம் வெயிலுக்கு விரிகிறது என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டான்.

எட்டு மாதத்துக்கு முன்புவரை அவன் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தான். எரிந்த கடை, நசுங்கிய கார், நனைந்த சரக்கு என்று ஜனங்கள் அனுப்பும் படங்களை உற்றுப் பார்த்து எது நிஜம், எது நாடகம் என்று சொல்ல வேண்டும். ஆபீசில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை அவன் நெஞ்சில் குத்திய பதக்கமாக எடுத்துக்கொண்டான். நிழல் விழுந்த திசையை வைத்து ஒரு விதவையின் க்ளெய்மைத் தள்ளுபடி செய்த கதையை, மகள் பிறந்த கதையைவிட அதிகம் பேரிடம் சொல்லியிருக்கிறான். பிறகு நிறுவனம் ஒரு மென்பொருள் வாங்கியது. அவன் ஒரு நாள் முழுக்கத் தேடுவதை அது ஒரு நொடியில் கண்டுபிடித்தது. கண்டுபிடித்துவிட்டு மார்தட்டிக்கொள்ளவும் இல்லை. அவனை அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் குழுவில் அவனைச் சேர்த்துவிட்டது மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காலை ஏழரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள்.

“நாள் பூரா செவுத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. வேலை தேடுறவங்க எல்லாம் சேர்ந்து ஒரு குழு வச்சிருக்காங்களாம். நாலு மனுஷங்களோட பேசுனா ஆகாதா?”

“யாரோட? அந்த அழுமூஞ்சிக் கூட்டத்தோடயா?”

“உங்களுக்கு யார்தான் ஒசத்தி?” என்று கேட்டுவிட்டு, அவன் போனை வாங்கித் தானே சேர்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

குழுவை ஆரம்பித்தவர் ஒரு பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருடம் சீட்டு கிழித்தவரை ஒரு மெஷினை வைத்து இறக்கிவிட்டார்கள். “வேலை தேடுறவன் தனியா உட்காரக் கூடாது” என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு ஒரு வழக்கமும் வைத்திருந்தார். தினமும் காலை ஒன்பது மணிக்கு, குளித்து, வேலைக்குப் போகிற மாதிரி உடுத்தி, மேசைக்கு முன்னால் வந்துவிட வேண்டும். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வேண்டும். பஸ்ஸில் இடம் பிடிப்பது போல அதில் ஒரு கைக்குட்டையை விரித்து, உட்காருமுன் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். கூடவே “இடம் பிடிச்சு வச்சிருக்கேன்” என்று எழுத வேண்டும். இன்றைக்கு யாரால் எழுந்திருக்கவே முடியவில்லையோ அவருக்கான இடமாம் அது. நூற்று முப்பது பேர் தினமும் இந்தக் கூத்தை விடாமல் செய்தார்கள். ஒருவர் விண்ணப்பத்தை இன்னொருவர் திருத்தினார்கள். வேலை கிடைத்தால் ஊர் கூடிக் கைதட்டினார்கள். கிடைக்காவிட்டால் “நாங்க இருக்கோம்ல” என்றார்கள். கூட்டமாக மூழ்குவதற்கு இவர்கள் ஆறுதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அவன் பழைய சகா ஒருவனுக்கு எழுதினான். தினமும் இரண்டு மூன்று பதிவுகளைப் படம் பிடித்து அந்தச் சகாவுக்கு அனுப்பி, இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் குழுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

அங்கே ஒரு ரிசப்ஷன் அக்கா இருந்தாள். பத்தொன்பது வருடம் ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து போன் எடுத்தவள், தனிக்கட்டை. அவள் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடி ஜாடியில் மஞ்சள் பூக்கள் இருக்கும். எல்லாருடைய பதிவுக்கும் முதல் ஆளாகப் பதில் போடுவாள். அவனுக்குத் தனியாக ஒரு விளம்பரத்தையும் அனுப்பியிருந்தாள். “சார், இந்தக் கம்பெனியில பொய்க் க்ளெய்ம் பிரிவுக்குத் தலைமை வேணுமாம். பார்த்ததும் உங்க ஞாபகம் வந்துச்சு.” அவன் விண்ணப்பித்தான். நன்றி என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. ரிசப்ஷனிஸ்ட் சிபாரிசில் வேலை தேடுவது அவனுக்குக் கேவலமாக இருந்தது.

அடுத்த சில வாரங்களில் அவனுடைய கண் அவளுடைய படத்தில் நின்றது. பதினொரு வேலை நாளாக அவள் ஒரே படத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எட்டு மாதத்தில் வராத உற்சாகம். குழுவில் எல்லாரும் பார்க்க எழுதினான்: சுவர்க் கடிகாரத்தில் தினமும் எட்டு ஐம்பத்திரண்டு. ஜன்னல் திரையின் மடிப்பு மாறவில்லை. பதினொரு நாளாக ஒரு பூ இதழ்கூட வாடவில்லை. ஆகவே இந்த வருகைப் பதிவு போலி. ஏமாற்றப்படுவது யார் என்பதை அம்மணி விளக்கவும்.

இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். கண்டக்டர், “விடுங்க சார்” என்றார். அரை மணி கழித்து அவளுடைய பதில் வந்தது.

“ஆமா சார். எழுந்திருக்க முடியல.”

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. அவன் அதையும் படம் பிடித்துச் சகாவுக்கு அனுப்பினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த திங்கட்கிழமையே அவனும் அதே வேலையைச் செய்தான். தினமும் குளித்து உடுத்துவது அலுத்துவிட்டது. ஆனால் படம் வராவிட்டால் மனைவி கேட்பாள், கண்டக்டர் அவளிடம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதனால் ஒரே மணி நேரத்தில் பத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டான். ஒவ்வொரு படத்துக்கும் சட்டையை மாற்றி, பாட்டிலில் தண்ணீரின் அளவை மாற்றி, திரையைக் கொஞ்சம் இழுத்து, தள்ளி. அவள் மாதிரி மாட்டிக்கொள்ள அவன் என்ன ரிசப்ஷனிஸ்டா? இனி பத்து நாளைக்குக் கவலையில்லை. மறுநாளிலிருந்து காலையில் படுக்கையில் இருந்தபடியே ஒரு படத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

வெள்ளிக்கிழமை போட்டது அதில் நாலாவது படம்.

அன்று மாலைதான் அந்தக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேர்காணல், வீட்டிலிருந்தே, கேமரா வழியாக. எட்டு மாதத்தில் அவனை ஒரு மனிதனாக மதித்து வந்த முதல் பதில். மனைவி இரண்டு முறை படித்துவிட்டு, “இது கிடைச்சிடணும்” என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, “இதுவும் போனா என்னால தனியா இழுக்க முடியாதுங்க” என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

திங்கட்கிழமை ஐந்தாவது படத்தைப் போட்டான். தையல்காரர் உடனே எழுதினார்: “மேடம், நல்லா சாஞ்சு உட்காருங்க, முதுகு பிடிச்சுக்கும்.” பதினாறு பேர் அதற்குத் தலையாட்டியிருந்தார்கள்.

கேலி செய்கிறார்கள் என்று முடிவு செய்தான். அக்காவைக் கேட்ட கேள்விக்குப் பழி வாங்குகிறார்கள். துணி தைக்கிறவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று எரிச்சலாகவும் இருந்தது. ஆனாலும் பழக்கம் விடாது. குழுவில் இருந்த படத்தையும், போனில் இருந்த மூலப் படத்தையும் மடிக்கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான்.

மூலப் படத்தில் கைக்குட்டை தட்டையாக இருந்தது. குழுவில் போட்ட படத்தில் நடுவில் குழிந்திருந்தது. நாலு ஓரமும் லேசாக மேலே தூக்கி, நடுத்துணி பிரம்புப் பின்னலோடு அழுந்தி, ஒரு ஆளின் கனம் அதன் மேல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அவன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான். கைக்குட்டை தட்டையாகத்தான் கிடந்தது. மேல்வீட்டுக் குழாய் சொட்டியது. அவன் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு கழுத்து வலித்ததால் திரும்பிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமைப் படத்தில் நாற்காலி நகர்ந்திருந்தது. தரைச் சதுரங்களின் கோட்டை வைத்து அளந்தான். நாலு விரற்கடை, அவனுடைய நாற்காலிப் பக்கமாக. இப்படிப்பட்ட வித்தியாசங்களைக் கண்டுபிடித்துத்தான் இருபது வருடம் சாப்பிட்டான். கண்டுபிடித்ததும் வருகிற அந்தக் குறுகுறுப்பு இப்போது வரவில்லை. லாரி டிரைவர் எழுதியிருந்தார்: “அக்கா ஏன் சாரையே பார்த்துக்கிட்டு இருக்காங்க?”

எந்த அக்கா என்று அவன் கேட்கவில்லை.

அன்று மாலை மனைவி உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தாள். “என்னங்க நாத்தம் இது? பூ ஜாடித் தண்ணிய மாத்தாம விட்ட மாதிரி.”

“நம்ம வீட்டுல ஏது பூ ஜாடி?”

“அதான் கேக்கறேன்” என்றபடி அவள் பையை வைக்க, பக்கத்து நாற்காலியில் கையை ஊன்றினாள். உடனே எடுத்துவிட்டாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “ஈரமா இருக்கு. தண்ணி கொட்டினீங்களா?”

“ஆமா” என்றான். அவளிடம் சொல்ல நினைத்தான். படுக்கையில் இருந்தபடி படம் போட்டதிலிருந்து சொல்ல வேண்டிவரும் என்பதால் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவள் பயிற்சிக்காக வேறு ஊருக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை மாலைதான் வருவாள். வாசலில் அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, “தைரியமா பேசுங்க. யாரையும் மட்டம் தட்டாதீங்க” என்றாள்.

புதன்கிழமை அவன் படம் போடவில்லை. மதியம் கண்டக்டர் போன் செய்தார். குரல் கரகரத்திருந்தது.

“சார், நம்ம ரிசப்ஷன் அக்கா தவறிட்டாங்க. ரெண்டு வாரமா பதிலே இல்லையேன்னு நானும் தையல்காரரும் வீடு தேடிப் போனோம். பூட்டை உடைக்க வேண்டியதாப் போச்சு. மேசைக்கு முன்னால நாற்காலியில உட்கார்ந்த மேனிக்கே…”

“எப்போ?”

“ஒரு மாசமாவது ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்றார். தினமும் ஒன்பது மணிக்குப் படம் வந்துக்கிட்டே இருந்துச்சே, நமக்கு எப்படித் தெரியும்? உங்க ஒருத்தருக்குத்தான் சார் சந்தேகம் வந்துச்சு.” அவர் அதை மனசாரப் பாராட்டாகவே சொன்னார். “நாளைக்கு உங்களுக்கு இன்டர்வியூன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. காலையில எல்லாரும் உங்களுக்காக நினைச்சுக்குவோம். நாங்க இருக்கோம் சார்.”

அவன் போனை வைத்தான். படம் தானாகப் போகும்படி முன்கூட்டியே நேரம் வைத்திருப்பாள். அதெல்லாம் இப்போது சுலபம். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அவன் கேள்வி கேட்டது பன்னிரண்டு நாளுக்கு முன்பு. அவள் செத்தது ஒரு மாதத்துக்கு முன்பு. கேட்காத கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி நேரம் வைக்க முடியாது.

அந்த இடத்தில் நினைப்பதை நிறுத்திக்கொண்டான்.

எழுந்து வேலையைப் பார்த்தான். பயம் வந்தால் சுத்தம் செய்கிற ஜாதி அவன். மீதி இருந்த படங்களை அழித்தான். குழுவை விட்டு விலகினான். கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் எறிந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு வந்தான். வழியில் அது தூக்க முடியாத கனம் கனத்தது. இரண்டு முறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினான். இறங்கி வந்து வீட்டைத் துடைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து விட்டான். இரவு ஒன்றும் நடக்கவில்லை. குறட்டை விட்டுத் தூங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை உண்மையாகவே குளித்து, உண்மையாகவே உடுத்தி, பத்தே முக்காலுக்கு மேசைக்கு வந்தான். பக்கத்தில் வெறும் தரை. கட்டடம் அமைதியாக இருந்தது. சரியாகப் பதினொன்றுக்குத் திரையில் இரண்டு பேர் வந்தார்கள்: கண்ணாடி போட்ட பெரிய அதிகாரி அம்மாள் ஒருத்தி, குறிப்பெடுக்க ஒரு இளைஞன்.

“வணக்கம்” என்றாள் அதிகாரி. பிறகு பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, மரியாதையாக ஒரு முறை தலையசைத்தாள். இளைஞனுக்குத்தான் தலையசைக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

நன்றாகவே போனது. கேள்விக்கு மேல் கேள்வி, எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. எட்டு மாதம் மடங்கிக் கிடந்த முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

“இந்த வேலை காலியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை மேடம். நானே தேடிக் கண்டுபிடிச்சேன்.”

காலுக்கடியில் தரை சில்லென்றிருந்தது. பூ ஜாடித் தண்ணீரின் வாடை, மெல்லிசாக, காதுப் பக்கமிருந்து வந்தது. அவன் திரும்பவில்லை. வேலை கிடைத்துவிட்டது மாதிரிதான். இன்னும் ஐந்து நிமிடம் திரும்பாமல் இருந்தால் போதும்.

“கடைசியா ஒண்ணு” என்றாள் அதிகாரி. “நீங்க கண்டுபிடிச்சதுலயே ரொம்ப நுணுக்கமான ஒரு மோசடியைச் சொல்லுங்க.”

இருபது வருட வேலையில் அவனிடம் நூறு கதை இருந்தது. எரிந்த கடையைச் சொல்லியிருக்கலாம். கார்களைச் சொல்லியிருக்கலாம். விதவையைக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாக நன்றாகச் சிரித்த கதைதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

“ஒரு ரிசப்ஷனிஸ்ட் மேடம்” என்று ஆரம்பித்தான். கடிகாரத்தைச் சொன்னான். திரையின் மடிப்பைச் சொன்னான். பூ வாடாததைச் சொல்லும்போது கையை விரித்து நாடகமாகவே நடித்தான். “இத்தனைக்கும் ஒரு சல்லிக்காசு லாபம் இல்லை அதுல. நாலு பேர் கைதட்டணும், அவ்வளவுதான். சோம்பேறித்தனம் மேடம். எழுந்து உட்காரத் துப்பில்லாதவங்க…”

இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தாள்.

“தனியாத்தான் இருக்கணும்னு கடிதத்துல எழுதியிருந்தோம். வீட்டுல இருக்கிறவங்கன்னு நினைச்சு நான் பேசாம இருந்தேன்” என்றாள். “அவங்களைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டே இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“யாரை?”

“பாவம், அழறாங்க பாருங்க.”

திரை அணைந்தது. அவர்கள் போய்விட்டார்கள். மூலையில் சிறிய கட்டத்தில் அவன் முகம் மட்டும் மிச்சமிருந்தது. அந்தக் கட்டத்தில் அவன் தோளுக்குப் பக்கத்தில் இன்னொரு தோள் இருந்தது.

எழுந்திரு என்று கால்களுக்குச் சொன்னான்.

கால்கள் கேட்கவில்லை.

இன்னொரு முறை சொன்னான். தொடை மரத்திருந்தது. கைகள் மேசை மேல் வைத்த இடத்தில் இருந்தன. கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் அசைந்தது. கண்ணின் ஓரத்தில் பிரம்பு நாற்காலி. ஐந்து மாடி இறங்கி வந்திருந்தது. ஈரப் புடவைத் தலைப்பு. மடியில் கோத்து வைத்த கைகள். பத்தொன்பது வருடம் வாசலில் உட்கார்ந்து பழகிய, அவசரமே இல்லாத கைகள்.

மேசை மேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் மஞ்சள் பூக்கள். இப்போதுதான் பறித்தது போல.

போன் ஒளிர்ந்தது. கண்டக்டர் நேற்றே அவனைக் குழுவில் மறுபடி சேர்த்திருந்தார். “சார் கோபத்துல விலகிட்டார், அவர் இடம் அப்படியேதான் இருக்கு” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இன்று காலை ஒன்பது மணிக்கு அவன் கணக்கிலிருந்து ஒரு படம் போயிருந்தது. அவன் போடாத படம். மேசை, ஜாடி, பூ, இரண்டு நாற்காலி. எழுபது பேர் கைதட்டியிருந்தார்கள்.

வெயில் தரையில் நகர்ந்தது. சதுரம் சதுரமாக. பிறகு போய்விட்டது.

மாலையில் மனைவி அழைத்தாள். போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. அது போனை எடுத்து, நிதானமாகத் தட்டி, அவன் கண்ணுக்குத் தெரியும்படி திருப்பி வைத்தது. “நல்லா போச்சு. அசதியா இருக்கு, தூங்கப் போறேன். சனிக்கிழமை பேசலாம்.” மனைவியிடமிருந்து உடனே பதில் வந்தது. “எனக்குத் தெரியும். உங்களால முடியும்.” அதைப் படித்தபோது அவனுக்கு அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தாடையில் தொங்கியது. துடைக்க முடியவில்லை.

அவன் கத்தினான். அது தொண்டைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியாயிற்று. செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. படம் போயிற்று. அதே படம். கைதட்டல்கள். டேட்டா என்ட்ரிக்காரி “இரன்டு பேருக்கும் வனக்கம்” என்று எழுதினாள். எழுத்துப் பிழைகளோடு அவள் அங்கே இருந்தாள். அந்தப் பெண்ணாவது வந்து கதவைத் தட்டமாட்டாளா என்று அவன் ஏங்கினான். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கூட்டத்தில் ஒருவர், யாராவது ஒருவர், தேவைப்பட்டார்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதினார். வங்கியில் தணிக்கை பார்த்தவராம், சென்ற மாதம் வேலை போனவராம். கூர்மையான ஆள்.

“சார், இது நேத்து போட்ட அதே படம். வெயில் ஒரு இம்மிகூட நகரலை. யாரை ஏமாத்தறீங்க?”

இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. கை நீண்டு போனை எடுத்தது. ஒவ்வொரு எழுத்தாக, பிழையில்லாமல் தட்டியது. அனுப்பிவிட்டு, அவன் படிக்கும்படி திருப்பி வைத்தது.

“ஆமா சார். எழுந்திருக்க முடியல.”

பிறகு அவள் எழுந்தாள். குப்பையில் போட்ட நீலக் கைக்குட்டை அவள் கையில் இருந்தது. இரண்டு முறை உதறி, ஓரங்களை இழுத்து நேராக்கி, அவன் முகத்தின் மேல் மெல்ல விரித்தாள்.